முற்காப்புத் தத்துவமும் மரபணு மாற்றப் பயிர்களும்: கத்தரிச் செடியொன்றை முன்வைத்து ஒரு நோக்கு

விஞ்ஞானம் ஒரு பொருளைப் பற்றி ஐயத்திற்கிடமற்ற முடிவுக்கு வருமுன்னரே, அப்பொருளை ஏற்பதா மறுப்பதா எனச் சமூகம் தீர்மானிக்க வேண்டிய நிலைமைகள் பல உள. அத்தகைய வேளைகளில் தீர்மானத்தின் அடிப்படை யாதாக இருத்தல் வேண்டும்? தீங்கு எண்பிக்கப்படும்வரை அனுமதிப்பதா, தீங்கின்மை எண்பிக்கப்படும்வரை தடுப்பதா? எண்பிக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது? எண்பிப்புப் போதுமானதெனத் தீர்ப்புக் கூறுபவர் யார்? மேலோட்டமாக நோக்குமிடத்து இவை நிருவாக நடைமுறை சார்ந்த வினாக்களாகத் தோன்றலாம். உண்மையில் அறிவுக்கும் அதிகாரத்துக்கும் இடையே நிலவும் உறவைப் பற்றிய வினாக்கள் இவை.

இவ்வினாக்களுக்கு விடை தேடும் முயற்சியிலே உருவானதே முற்காப்புத் தத்துவம். கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் சுற்றாடற் சட்டத்திலும் உணவுச் சட்டத்திலும் இத்தத்துவம் பெற்ற செல்வாக்குப் பெரிது. மரபணு மாற்றப் பயிர்கள் தொடர்பாக அது எழுப்பிய வாதப் பிரதிவாதங்கள் அதனினும் பெரியன. இப்பயிர்களை ஆதரிப்போர் இத்தத்துவத்தை விஞ்ஞான விரோதம் எனச் சாடுவர். எதிர்ப்போர் இதனையே தமது கேடயமாகக் கொள்வர். இவ்விரு சாராரும் தத்துவத்தின் உள்ளடக்கத்தை அதற்குரிய நுணுக்கத்துடன் நோக்கினர் எனக் கூறுவதற்கில்லை. தத்துவம் உண்மையில் யாது கூறுகின்றது, அது எங்கு பயன்பட்டது, எங்கு தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்பவற்றைக் கத்தரிச் செடியொன்றின் வரலாற்றை மையமாகக் கொண்டு ஆராய்வதே நமது நோக்கமாகும்.

தத்துவத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

வருமுன் காத்தல் என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. எனினும், வருமுன் காத்தல் வேறு, முற்காப்பு வேறு. நெருப்புச் சுடும் என அறிந்தவன் கூரைக்கு அருகே நெருப்பை வைக்காதிருப்பது வருமுன் காத்தல். அங்கே தீங்கு ஏற்கெனவே அறியப்பட்டது. தீங்கு உண்டா இல்லையா என்பதே ஐயத்துக்குரியதாக இருக்கும்போது, அவ்வையத்தைக் கருத்திற்கொண்டு செயற்படுவது முற்காப்பாகும். தத்துவத்தின் சிறப்பும் சிக்கலும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளன.

இக்கருத்து சட்ட வடிவம் பெறத் தொடங்கியது 1970களின் மேற்கு ஜேர்மனியிலாகும். வளி மாசடைதலைக் கட்டுப்படுத்த 1974இல் இயற்றப்பட்ட சட்டம், நிகழ்ந்த தீங்குக்குப் பரிகாரம் காண்பதோடு அமையாது, நிகழக்கூடிய தீங்கை முன்னோக்கித் தவிர்ப்பதையும் அரசின் கடமையாக்கிற்று. 1987இல் இலண்டனிலே கூடிய வடகடல் பற்றிய அமைச்சர் மாநாடு, ஆபத்து விளைவிக்கவல்ல பொருள்களைக் கடலிற் சேர்ப்பதற்குக் காரண காரியத் தொடர்பு திட்டமாக நிறுவப்படுமுன்னரே தடை விதிக்கலாம் என்னும் நிலைப்பாட்டை மேற்கொண்டது. 1992ஆம் ஆண்டின் ரியோ பிரகடனம் தனது 15ஆம் கோட்பாட்டிலே இதனை உலகப் பொதுவாக்கியது. பாரதூரமான அல்லது மீட்க முடியாத சேதம் ஏற்படும் என்னும் அச்சம் நிலவுமிடத்து, முழுமையான விஞ்ஞான நிச்சயமின்மையைக் காரணங்காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடலாகாது என்பதே அதன் சாரம்.

ரியோ பிரகடனத்தின் வாசகம் எதிர்மறையாக அமைந்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது. ஐயம் உள்ளபோதெல்லாம் தடை செய்க என அது கூறவில்லை; ஐயத்தைச் சாக்காகக் கொண்டு வாளாவிருத்தல் ஆகாது என்றே கூறுகின்றது. அத்துடன், நடவடிக்கைகள் செலவுக்கேற்ற பயனுடையனவாக இருத்தல் வேண்டும் எனவும் நிபந்தனையிடுகின்றது. இதனைத் தத்துவத்தின் மென்மையான வடிவம் எனலாம். வன்மையான வடிவமும் உண்டு. 1982இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற இயற்கைக்கான உலக சாசனம், பாதக விளைவுகள் முழுமையாக அறியப்படாவிடின் அச்செயலை மேற்கொள்ளலாகாது என்னும் எல்லைவரை சென்றது. 1998இல் ஐக்கிய அமெரிக்காவின் விங்ஸ்பிரெட் என்னுமிடத்திலே கூடிய அறிஞரும் செயற்பாட்டாளரும், எண்பிக்கும் பொறுப்புச் செயலை முன்மொழிபவரையே சார்ந்தது என அறிவித்தனர். தத்துவம் ஒன்றெனினும் அதன் வடிவங்கள் பலவாதலின், எதனைப் பற்றிப் பேசுகின்றோம் எனத் தெளிவுபடுத்தாது நிகழும் விவாதங்கள் பயனற்றுப் போகின்றன.

இத்தத்துவத்தின் சட்டவியல் வளர்ச்சியில் இலங்கையருக்கும் பங்குண்டு. சர்வதேச நீதிமன்றத்தின் நீதியரசராக விளங்கிய சி. ஜி. வீரமந்திரி, பிரான்சின் அணுப் பரிசோதனைகள் தொடர்பாக நியூசிலாந்து 1995இல் முன்வைத்த கோரிக்கையிலே தாம் எழுதிய மாறுபட்ட தீர்ப்புரையில் முற்காப்புத் தத்துவத்தை எடுத்தாண்டார். சுற்றாடற் சேதத்தை எண்பிப்பதற்கு வேண்டிய தகவல்கள் பெரும்பாலும் அச்சேதத்தை விளைவிப்பவர் கையிலேயே இருப்பதுண்டு. ஆதலின், முறைப்பாடு செய்பவரே யாவற்றையும் எண்பிக்க வேண்டும் என்பது நீதியாகாது என்னும் கருத்தை அவர் சுட்டினார். பின்னர் நாம் நோக்கவிருக்கும் கத்தரி விவகாரத்துக்கு இக்கருத்து மிகப் பொருந்துவதாகும்.

தத்துவத்தின் நடைமுறைப் பெறுமதிக்கு வரலாறு தரும் சான்று ஒன்றை இவ்விடத்திலே குறிப்பிடலாம். 1960இல் தலிடோமைட் என்னும் மருந்தை ஐக்கிய அமெரிக்காவிலே விற்பதற்கான விண்ணப்பம் உணவு மருந்து நிருவாகத்தின் அலுவலரான பிரான்சிஸ் கெல்சியிடம் வந்தது. அம்மருந்து ஐரோப்பாவிலே தாராளமாக விற்பனையாகிக்கொண்டிருந்தது. தீங்கிற்கான சான்று கெல்சியிடம் இருக்கவில்லை; பாதுகாப்புக்கான சான்று போதாது என்பதே அவர் நிலைப்பாடாக இருந்தது. கம்பெனியின் நெருக்குதலுக்கு அவர் இடங்கொடுக்கவில்லை. 1961இன் இறுதியிலே ஜேர்மனியில் அம்மருந்து மீளப்பெறப்பட்டபோது, உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் அங்கக்குறையுடன் பிறந்திருந்தன. ஐக்கிய அமெரிக்கா பெருமளவு தப்பிக்கொண்டது.

மரபணு மாற்றம்: பிரச்சினையின் இயல்பு

உயிரியின் இயல்புகளைத் தலைமுறைக்குத் தலைமுறை கடத்தும் அலகினை நம் பாடநூல்கள் நீண்டகாலமாகப் பரம்பரையலகு என வழங்கின. மரபணு என்னும் சொல் இன்று பெருவழக்காயுள்ளது. ஓர் உயிரியின் மரபணுவைப் பிரித்தெடுத்து வேறோர் உயிரியின் கலத்தினுட் புகுத்தும் நுட்பம் 1973இல் கோயென், பொயர் ஆகியோரால் நிறுவப்பட்டது. இதன் ஆபத்துகளை முதலில் எண்ணிப்பார்த்தோர் இத்துறை விஞ்ஞானிகளே. போல் பேர்க் முதலியோர் 1974இல் சிலவகைப் பரிசோதனைகளைத் தாமாகவே நிறுத்திவைக்குமாறு சக விஞ்ஞானிகளைக் கோரினர். 1975 பெப்ருவரியில் கலிபோர்னியாவின் அசிலோமாரிலே கூடி, ஆபத்தின் அளவுக்கேற்பப் பாதுகாப்பு ஒழுங்குகளை வகுத்தனர். முற்காப்பு விஞ்ஞானத்துக்குப் பகை என்போர் இந்நிகழ்ச்சியை மறந்துவிடுகின்றனர். அதே சமயம், அசிலோமாரிலே விவாதிக்கப்பட்டவை ஆய்வுகூட ஆபத்துகள் மாத்திரமே. இந்நுட்பத்தின் பயன் யாருக்கு உரித்தாகும் என்னும் வினா அங்கு எழுப்பப்படவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1980இல், மனிதனால் உருவாக்கப்பட்ட பற்றீரியா ஒன்றுக்குக் காப்புரிமை வழங்கலாம் என ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் சக்கரவர்த்தி வழக்கிலே தீர்ப்பளித்தபோது, அவ்வினாவுக்குச் சந்தை விடையளித்துவிட்டது.

உணவாகும் பயிர்களைப் பொறுத்தவரை ஐயங்கள் மூவகைப்படும். புதிய புரதம் நச்சுத்தன்மையோ ஒவ்வாமையோ விளைவிக்குமா என்பது முதலாவது. மகரந்தம் வழியாகப் புதிய மரபணு காட்டினங்களுக்கும் அயற்பயிர்களுக்கும் பரவுமா, பீடைகளும் களைகளும் எதிர்ப்பாற்றல் பெறுமா என்பது இரண்டாவது. விதை மீதான உரிமை விவசாயி கையிலிருந்து கம்பெனி கைக்கு மாறுமா என்பது மூன்றாவது. முதலிரண்டும் விஞ்ஞானப் பரிசோதனைக்கு உட்படுவன; மூன்றாவது சமூக உறவுகள் சார்ந்தது. இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்புவது பலவிடத்தும் காணப்படும் வழுவாகும்.

முதலாவது ஐயம் வெறுங் கற்பனையன்று. சோயா அவரையின் போசணைத் தரத்தை உயர்த்தும் நோக்குடன் பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்று அதனுட் புகுத்தப்பட்டது. பிரேசில் கொட்டை ஒவ்வாதோருக்கு அச்சோயாவும் ஒவ்வாமை தரும் என்பது பரிசோதனையிலே தெரியவந்தது. 1996இல் அம்முடிவு வெளியாயிற்று. அவரை சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது. இந்நிகழ்ச்சியை இரு சாராரும் தத்தம் வாதத்துக்குச் சான்றாகக் கொள்வர். ஆபத்து மெய்யானது என்பதையும், சோதனை முறையாக நிகழ்ந்தால் ஆபத்தைக் கண்டறியலாம் என்பதையும் அது ஒருங்கே காட்டுகின்றது. ஆனால், நிருவாகம் தவறிய இடமும் உண்டு. ஒவ்வாமை பற்றிய ஐயம் தீராமையால் விலங்குணவுக்கு மாத்திரம் 1998இல் ஐக்கிய அமெரிக்காவிலே அனுமதிக்கப்பட்ட ஸ்டார்லிங்க் என்னும் சோளம், 2000ஆம் ஆண்டில் மனிதர் உண்ணும் பண்டங்களிலே கண்டுபிடிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான பண்டங்கள் மீளப்பெறப்பட்டன. ஒரே வயலிலும் ஒரே களஞ்சியத்திலும் ஒரே பாரவூர்தியிலும் கலந்து செல்லும் தானியத்தைக் காகித உத்தரவால் இரண்டாகப் பிரிக்க முடியாது என்பது இதனாற் புலனாயிற்று.

இரு ஒழுங்குமுறைகள்

இந்நுட்பத்தை எதிர்கொள்வதில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் இருகரையும் இருவேறு வழிகளைத் தேர்ந்தன. ஐக்கிய அமெரிக்கா 1986இல் வகுத்த பொதுச் சட்டகத்தின்படி, கவனிக்க வேண்டியது விளைபொருளே, அது விளைந்த முறையன்று. அந்நாட்டின் உணவு மருந்து நிருவாகம் 1992இல் வெளியிட்ட கொள்கை இதனை மேலும் வலியுறுத்தியது. புதிய உணவு பழைய உணவோடு சாராம்சத்தில் ஒத்ததாயின் அதனை அவ்வாறே கருதலாம் என்னும் எண்ணக்கரு 1993இல் பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனத்தின் அறிக்கை வாயிலாகப் பரவியது. இங்கே முரண்பாடு ஒன்று உண்டு. காப்புரிமை அலுவலகத்தின் வாயிலிலே, இது முன்னெப்போதும் இல்லாத புதுப்பொருள் எனக் கூறும் கம்பெனி, உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தின் வாயிலிலே, இது பழைய பொருளை ஒத்தது எனக் கூறுகின்றது. சட்டத்திலே இவ்விரு அளவுகோல்களும் வேறுவேறானவை என்பது உண்மையே. ஆயினும் சாதாரண மக்களின் நம்பிக்கையீனத்துக்கு இம்முரண்பாடு ஒரு காரணமாயிற்று என்பதை மறுக்கவியலாது.

ஐரோப்பிய சமூகமோ 1990ஆம் ஆண்டின் பணிப்புரையிலிருந்தே மரபணு மாற்றம் என்னும் செய்முறையையே தனியாக ஒழுங்குபடுத்தியது. 1990களின் நடுப்பகுதியில் பிரித்தானியாவிலே மாட்டிறைச்சி பற்றி எழுந்த நெருக்கடி, ஆபத்து இல்லை என உறுதிகூறிய நிபுணர் மீதும் அமைச்சர் மீதும் மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையைத் தகர்த்தது. 1998 ஒக்டோபர் தொடக்கம் 2004 மே வரை புதிய மரபணு மாற்றப் பயிர் எதற்கும் அங்கு அனுமதி வழங்கப்படவில்லை. இவ்விடைவெளியிலே, 2000ஆம் ஆண்டு பெப்ருவரியில், ஐரோப்பிய ஆணைக்குழு முற்காப்புத் தத்துவத்தைப் பிரயோகிப்பதற்கான நெறிகளை வெளியிட்டது. நடவடிக்கை இடரின் அளவுக்கு ஏற்றதாதல் வேண்டும், பாரபட்சமற்றதாதல் வேண்டும், முன்னைய நடவடிக்கைகளோடு முரணாதிருத்தல் வேண்டும், செயற்படுவதன் நன்மை தீமைகளோடு செயற்படாமையின் நன்மை தீமைகளும் ஆராயப்படல் வேண்டும், புதிய அறிவு கிட்டுந்தோறும் மீளாய்வு செய்யப்படல் வேண்டும், வேண்டிய சான்றைத் திரட்டும் பொறுப்பு யாருக்கு என வரையறுக்கப்படல் வேண்டும். தத்துவத்தைக் குருட்டுத் தடையினின்றும் வேறுபடுத்துவன இந்நெறிகளே.

ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஆர்ஜென்ரீனா ஆகிய நாடுகள் 2003இல் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டன. 2006இல் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, ஐரோப்பா நியாயமற்ற தாமதம் செய்தது எனவும், சில உறுப்பு நாடுகளின் தடைகள் இடர் மதிப்பீட்டை அடிப்படையாகக் கொள்ளவில்லை எனவும் கண்டது. மரபணு மாற்ற உணவு பாதுகாப்பானதா என்பது பற்றி அக்குழு தீர்ப்புக் கூறவில்லை. முற்காப்புத் தத்துவம் சர்வதேசச் சட்டத்தின் பொதுத் தத்துவமாகிவிட்டதா என்னும் வினாவையும் அது விடையளிக்காது விட்டது. இதற்கிடையில், 2000ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2003 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த கார்ட்டஹேனா உயிர்ப்பாதுகாப்பு நெறிமுறை, விஞ்ஞானத் தகவல் போதாதவிடத்து இறக்குமதி நாடு தடுப்பு முடிவெடுக்கலாம் என ஏற்றிருந்தது. ஆக, வர்த்தக உடன்படிக்கை ஒன்றைச் சொல்ல, சுற்றாடல் உடன்படிக்கை வேறொன்றைச் சொல்லும் நிலையே நிலவுகின்றது. பலமற்ற நாடுகள் இவ்விரண்டுக்குமிடையே அகப்பட்டுக்கொள்கின்றன.

கத்தரியின் வரலாறு

இனி, நம் அடுக்களைக்கு மிக அண்மையிலுள்ள பயிரொன்றை நோக்குவோம். கத்தரியின் பெரும்பகை, தண்டையும் காயையும் துளைக்கும் ஓர் அந்துப்பூச்சியின் குடம்பியாகும். காயினுட் புகுந்த புழுவை மருந்து எட்டாது. எனவே அது புகுமுன் கொல்லும் பொருட்டு விவசாயிகள் ஒரு பருவத்திலே பல பத்துத் தடவை பீடைநாசினி விசிறுகின்றனர். அந்நஞ்சு விசிறுபவன் உடலிலும் உண்பவன் உடலிலும் சேர்கின்றது.

மண்ணிலே வாழும் பசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பற்றீரியா, சிலவகைப் பூச்சிகளைக் கொல்லும் பளிங்குருப் புரதத்தை உண்டாக்குகின்றது. காரத்தன்மையான புழுக்குடலிலே அப்புரதம் கரைந்து, குடற்சுவரின் குறித்த ஏற்பிகளோடு பிணைந்து, துளையிட்டுக் கொல்லும். மனிதனின் இரைப்பை அமிலத்தன்மையானது; அவ்வேற்பிகளும் மனிதக் குடலில் இல்லை. இப்பற்றீரியாவைத் தெளிமருந்தாக இயற்கை விவசாயிகளும் நெடுங்காலம் பயன்படுத்தியுள்ளனர். இப்புரதத்துக்குரிய மரபணு புகுத்தப்பட்டதே பீ.ரீ. கத்தரி. இதனை மகிகோ என்னும் இந்திய விதைக் கம்பெனி உருவாக்கியது; மொன்சாண்டோக் கம்பெனிக்கு அதிலே பங்கு இருந்தது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாடிலுள்ள விவசாயப் பல்கலைக்கழகமும் தத்தம் பிரதேச இனங்களிலே அம்மரபணுவைச் சேர்க்கும் பணியிற் பங்குபற்றின.

2009 ஒக்டோபர் 14ஆம் திகதி இந்தியாவின் மரபணுப் பொறியியல் அங்கீகாரக் குழு இக்கத்தரியை வர்த்தக ரீதியிற் பயிரிட அனுமதிக்கலாம் என விதந்துரைத்தது. சுற்றாடல் அமைச்சராயிருந்த ஜெய்ராம் ரமேஷ் அவ்விதப்புரையை உடனே ஏற்காது, 2010 ஜனவரி தொடக்கம் ஏழு நகரங்களிலே பகிரங்க விசாரணை நடத்தினார். விவசாயிகள், விஞ்ஞானிகள், நுகர்வோர் என ஏறத்தாழ 8,000 பேர் அவற்றிற் கலந்துகொண்டனர். பெப்ருவரி 9ஆம் திகதி அமைச்சர் இடைநிறுத்தத்தை அறிவித்தார். அவர் காட்டிய காரணங்கள் கவனத்துக்குரியன. விஞ்ஞானிகளிடையே ஒருமைப்பாடில்லை, பல மாநில அரசுகள் எதிர்க்கின்றன, சோதனைகள் பெரும்பாலும் கம்பெனியாலோ கம்பெனியின் பொருட்டோ நடத்தப்பட்டவை, கத்தரியின் பல்லினச் செழிப்பு இந்தியாவுக்குச் சிறப்பாக உரியதாதலின் மரபணுப் பரவல் பற்றிய கரிசனை பெரிது, உணவுப் பற்றாக்குறை போன்ற அவசரம் எதுவுமில்லை. பசுமைப் புரட்சியின் சிற்பிகளுள் ஒருவரான எம். எஸ். சுவாமிநாதன்கூட நீண்டகால நச்சுத்தன்மை ஆய்வின் தேவையை வலியுறுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தீர்மானத்துக்குச் சட்டப் பின்னணியும் உண்டு. தமிழகத்திலே பாலாற்றுப் படுகையைத் தோற் பதனிடும் சாலைகள் மாசுபடுத்தியமை தொடர்பான வேலூர் குடிமக்கள் வழக்கிலே, 1996ஆம் ஆண்டு, முற்காப்புத் தத்துவம் நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதியே என இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. எண்பிக்கும் பொறுப்புத் தொழிலதிபரையே சார்ந்தது என்பதும் அத்தீர்ப்பின் கூற்றாகும்.

வீரமந்திரியின் கருத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். பீ.ரீ. கத்தரியின் உயிர்ப்பாதுகாப்புத் தரவுகள் தொடக்கத்திலே வணிக இரகசியமாகப் பேணப்பட்டன. நீதிமன்றத் தலையீட்டின் பின்னரே 2008இல் அவை பொதுப் பார்வைக்கு வந்தன. அவை வெளிவந்தமையாலேயே பிறநாட்டு அறிஞரும் உள்நாட்டு அறிஞரும் அவற்றை ஆராய்ந்து கருத்துக் கூற முடிந்தது. தரவு மறைக்கப்பட்டிருக்கும்வரை விஞ்ஞானம் நிகழ்கின்றது எனக் கொள்வதற்கில்லை; நிகழ்வது நம்புமாறு கேட்டல் மாத்திரமே.

எனினும் வரலாறு அத்துடன் முடிவடையவில்லை. 2013 ஒக்டோபரில் பங்களாதேஷ் இதே மரபணு கொண்ட நான்கு கத்தரி இனங்களை அனுமதித்தது; 2014 ஜனவரியில் இருபது விவசாயிகளுக்கு நாற்றுகள் வழங்கப்பட்டன. அங்கு விதையை வெளியிட்டது அரச விவசாய ஆராய்ச்சி நிறுவகம்; அவ்வினங்கள் கலப்பின விதைகள் அல்லவாதலின் விவசாயி விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். பின்னர் நடத்தப்பட்ட கள ஆய்வுகள், பீடைநாசினிச் செலவு ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது எனவும், விளைச்சல் கூடியது எனவும் காட்டின. அவ்வாய்வுகளுட் சில இத்திட்டத்துக்கு உதவிய வெளிநாட்டு நிறுவனங்களின் ஆதரவுடன் நடந்தவை என்பதை மனத்திற்கொள்ளல் வேண்டும். ஆயினும் நஞ்சு விசிறுதல் குறைந்தமையை மறுக்கும் வலுவான சான்று முன்வைக்கப்படவில்லை.

இந்தியாவிலோ பதினைந்து ஆண்டுகள் கடந்தும் இடைநிறுத்தம் நீங்கவில்லை. அமைச்சர் வேண்டிய சுயாதீன ஆய்வுகள் நிறைவேறி, மக்கள் முன் வைக்கப்பட்டு, முடிவொன்று எட்டப்படவுமில்லை. 2019இல் ஹரியானாவிலே பீ.ரீ. கத்தரி சட்டவிரோதமாகப் பயிரிடப்பட்டமை கண்டறியப்பட்டது. முற்காப்பு முடிவற்ற காத்திருப்பாக மாறும்போது, ஒழுங்குமுறைக்கு அடங்காத விதை பின்வாசலால் நுழைகின்றது. எவராலும் கண்காணிக்கப்படாத அந்நிலை இரு சாராரின் நோக்குக்கும் மாறானது. பிலிப்பைன்சிலே உச்ச நீதிமன்றம் 2015இல் முற்காப்புத் தத்துவத்தின் பெயரால் பீ.ரீ. கத்தரியின் களச்சோதனையையே தடுத்தது; அடுத்த ஆண்டில் அத்தீர்ப்பை அதுவே நீக்கியது. 2022இல் பயிரிட அனுமதி கிடைத்தது. 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுபடியும் தடுத்தது. ஒரே செடி, ஒரே மரபணு, ஒரே தத்துவம், முடிவுகள் மூன்று.

தத்துவத்தின் மீதான விமரிசனம்

அமெரிக்கச் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீன் எழுப்பிய ஆட்சேபம் வலுவானது. செயற்படுவதில் மட்டுமன்றிச் செயற்படாமையிலும் இடர் உண்டு. ஆகவே எல்லா இடரையும் தடுக்க முனையும் தத்துவம் எத்திசையிலும் நகர முடியாது முடங்கும் என்பது அவர் வாதம். கத்தரி இதற்கு நல்ல உதாரணமாகும். பீ.ரீ. கத்தரியைத் தடுத்தால் நிலவுவது தூய இயற்கையன்று. பாதுகாப்பு உடையின்றித் தோளிலே தெளிகருவியைச் சுமக்கும் கூலித் தொழிலாளியின் நஞ்சூட்டப்பட்ட வாழ்வே. அவ்வாழ்வைக் கணக்கில் எடுக்காத முற்காப்பு, நகர நுகர்வோனின் முற்காப்பாகவே எஞ்சும்.

ஆயினும் இவ்வாட்சேபம் தத்துவத்தின் வன்மையான வடிவத்தையே தாக்குகின்றது. செயற்படாமையின் தீமையையும் எடை போடுக என ஐரோப்பிய நெறிகளே கூறுகின்றன. மேலும், தெரிவு இரண்டுக்கிடையில் மாத்திரம் அமைந்ததன்று. மருந்தடித்த கத்தரியா, மரபணு மாற்றிய கத்தரியா என வினாவைக் குறுக்குவோர், ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம் என்னும் மூன்றாவது வழியை மறைக்கின்றனர். மாற்று வழிகளைத் தேடுமாறு வற்புறுத்துவதும் முற்காப்பின் ஒரு பணியாகும்.

மானிட ஆரோக்கியத்தைப் பொறுத்தவரை, கிடைத்துள்ள அறிவை நேர்மையுடன் கூறல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2016இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, சந்தையிலுள்ள மரபணு மாற்றப் பயிர்கள் வழமையான பயிர்களைவிட ஆரோக்கியத்துக்குக் கூடிய இடர் தருவன என்பதற்குத் தக்க சான்று இல்லை எனக் கண்டது. எலிகளில் கட்டிகள் தோன்றின எனக் கூறிப் பெரும் பரபரப்பை எழுப்பிய செராலினியின் 2012ஆம் ஆண்டுக் கட்டுரை, அடுத்த ஆண்டிலே அச்சஞ்சிகையால் மீளப்பெறப்பட்டது. ஐயத்தை மதிப்போர் அவ்வையம் தீரும்போது அதனையும் மதித்தல் வேண்டும். தமக்குச் சாதகமான சான்றை மாத்திரம் ஏற்பது கம்பெனிகளின் வழக்கமென்றால், அவ்வழக்கத்தை நாமும் கைக்கொள்வது முற்போக்காகாது.

ஆனால், சுற்றாடல், சமூகம் ஆகியவற்றைப் பொறுத்தவரை எச்சரிக்கைகள் பல மெய்ப்பட்டுள்ளன. இந்தியாவின் பருத்தி நிலத்திற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பீ.ரீ. பருத்தியே பரவிற்று. எதிர்ப்பாற்றல் தோன்றாதிருக்க ஒவ்வொரு வயலிலும் ஒரு பகுதியிலே சாதாரணப் பருத்தி நடப்படல் வேண்டும் என்பது விதி. சிறுவிவசாயிகள் அவ்விதியைப் பின்பற்றுவது பொருளியல் ரீதியாக எளிதன்று, கண்காணிப்போரும் இலர். 2010இல் குஜராத்திலே இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதலாவது பீ.ரீ. புரதத்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றமை அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் இரு புரதங்கள் கொண்ட பருத்தியையும் அது வென்றது. களைகொல்லி தாங்கும் பயிர்களின் பரவலால் அமெரிக்கக் கண்டத்திலே களைகொல்லிக்கு அசையாத களைகள் பெருகின. இவை மரபணுவின் குற்றம் அல்ல. ஒரே நுட்பத்தை இலாபத்தின் பொருட்டு எல்லா நிலத்திலும் ஒரே வேளையிற் பரப்பும் உற்பத்தி முறையின் விளைவுகள் இவை. விதைப் பொதியை மட்டும் ஆராயும் இடர் மதிப்பீட்டுக்கு இவ்விளைவுகள் தென்படுவதில்லை.

இலங்கை அனுபவம்

இலங்கையின் அனுபவம் இவ்விடத்திற் சிந்தனைக்குரியது. 2001ஆம் ஆண்டு மே மாதம் தொடக்கம் மரபணு மாற்ற உணவுகளின் இறக்குமதியைத் தடை செய்யப்போவதாக இலங்கை அறிவித்தது. வல்லரசின் எதிர்ப்பும் உலக வர்த்தக அமைப்பின் விதிகள் பற்றிய அச்சமும் குறுக்கிட, அத்தடை முதலிற் பிற்போடப்பட்டு, பின்னர் காலவரையறையின்றிக் கைவிடப்பட்டது. 2004இல் நாடு கார்ட்டஹேனா நெறிமுறையை ஏற்றது. 2006இல் உணவுச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள், தடைக்குப் பதிலாக முன்னனுமதியையும் சுட்டித்துண்டிடலையும் விதித்தன. சிறு நாடொன்று தன் மக்கள் எதை உண்பது எனத் தீர்மானிக்கும் உரிமை எத்துணை மெல்லியது என்பதற்கு 2001ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். சட்டத்தின் பெறுமதி அதனைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தின் பலத்திலேயே தங்கியுள்ளது என்பதும் மறக்கலாகாதது.

மறுபுறத்தே, முற்காப்பின் பெயரால் நேர்ந்த பெருந்தவறும் நம் கண்முன் உண்டு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளிலே தடைசெய்யப்பட்டது. மக்களின் ஆரோக்கியம் காரணமாகக் காட்டப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் பின்னணியில் இருந்தது. விவசாய விஞ்ஞானிகளின் எச்சரிக்கை செவிமடுக்கப்படவில்லை, மாற்றுப் பசளை ஆயத்தமாக இருக்கவில்லை, விவசாயிகள் கேட்கப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரிலே தடை கைவிடப்பட்டபோது, பெரும்போகத்து வயல்கள் ஏற்கெனவே பாதிப்புற்றிருந்தன. இடருக்கேற்ற அளவு, செலவு நன்மை ஆராய்வு, படிப்படியான மீளாய்வு என்னும் நெறிகளுள் ஒன்றேனும் இங்கு பின்பற்றப்படவில்லை. ஆகவே இதனை முற்காப்புத் தத்துவத்தின் தோல்வி என்பதைவிட, அத்தத்துவத்தின் பெயரைச் சூடிய எதேச்சாதிகாரத்தின் தோல்வி என்பதே பொருந்தும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், முற்காப்புத் தத்துவம் ஒரு தீர்ப்பன்று, தீர்ப்பை அடையும் முறையே என்பது பெறப்படும். அது ‘இல்லை’ என்னும் சொல்லாக மாத்திரம் ஒலிக்கும்போது முடக்கமாகின்றது. ‘இன்னின்ன சோதனைகள், இன்னாரால், இத்தனை காலத்துள், பொதுப் பார்வையிலே’ என்னும் கோரிக்கையாக ஒலிக்கும்போது அது விஞ்ஞானத்தை வளர்க்கின்றது. இந்தியாவின் 2010ஆம் ஆண்டு இடைநிறுத்தம் தொடக்கத்திலே இக்கோரிக்கையாக இருந்தது. காலவரையறையும் பொறுப்பும் வகுக்கப்படாமையால் வெறும் மௌனமாயிற்று.

மூன்று நிபந்தனைகளை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். ஒன்று, சோதனை விற்பவனிடமிருந்து பிரிக்கப்படல் வேண்டும். செலவை அவன் ஏற்கலாம், ஆய்வைப் பொது நிறுவனம் நடத்தல் வேண்டும், தரவு யாவரும் காண இருத்தல் வேண்டும். இரண்டு, விதையின் உரிமை பற்றிய வினா உயிர்ப்பாதுகாப்பு வினாவின் பின்னே மறைக்கப்படலாகாது. பங்களாதேஷின் கத்தரி விவசாயி விதை சேமிக்க முடிந்தமை மரபணுவால் வந்த வேறுபாடன்று; பொதுத்துறையால் வந்தது. மூன்று, காத்திருத்தலின் விலையைச் செலுத்துபவனும் அவசரத்தின் விலையைச் செலுத்துபவனும் பெரும்பாலும் ஒரே சிறுவிவசாயியாதலின், தீர்மான மேசையிலே அவனுக்கு இடம் வேண்டும்.

புதிய மரபணுத் திருத்த நுட்பங்கள் இன்று வந்துள்ளன. அந்நிய மரபணுவைப் புகுத்தாமலே செடியின் மரபைத் திருத்தும் இவற்றைப் பழைய சட்டத்தின் கீழ் அடக்க வேண்டும் என ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. இந்தியா 2022இல் இவற்றுட் சிலவற்றுக்கு விலக்களித்தது. நுட்பம் மாறினும் வினாக்கள் மாறவில்லை. எண்பிக்கும் பொறுப்பு யாருக்கு, தரவு யார் கையில், தவறின் விளைவைச் சுமப்பவர் யார் என்பன கத்தரிச் செடியின் முன் எழுந்தவாறே இனி வரும் நெற்பயிரின் முன்னும் எழும். அவற்றுக்கு விடை கூறும் ஆற்றலை நம் பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும் இப்போதே தேடிக்கொள்ளாவிடின், விடைகள் வேறெங்கோ எழுதப்பட்டு, விதைப் பொதியுடன் சேர்ந்தே நம்மை வந்தடையும்.